காக்கா தட்டிய தலை

வேப்பமரத்துக்கு மேலே கருடன் வட்டமிடுவதைப் பார்த்ததும் சக்திவேல் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். அது வந்திருப்பது கூட்டிலிருந்து கீழே விழுந்துவிட்ட காக்கைக் குஞ்சுக்காக என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அவன் மனைவி சந்திரகலாதான் ஓடிப்போய்க் குஞ்சின் மேல் கூடையைக் கவிழ்த்தாள். தாய்க்காக்கைக்கு அது புரியுமா? பாய்ந்து வந்து அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

மாமியார் ஜோதியம்மாள் பதறிப்போனாள். "காக்கா தட்டினா ஆவாதுடா. இவ செத்துட்டதா சொல்லி சொந்தக்காரங்கள அழ வச்சாதான் தோஷம் கழியும்."

"அப்போ செத்தவ கையால சட்னி வேணுமா அத்தே?" என்று சிரித்தாள் சந்திரகலா.

சக்திவேல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். யாரிடம் சொல்வது? கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் மாமனார் கோதண்டராமன் நினைவுக்கு வந்தார். காதலித்துக் கட்டிக்கொண்டதற்காக ஆறு வருஷமாக மகள் முகத்தில் விழிக்காதவர். அந்த மனுஷன் அழுகிறாரா பார்ப்போம் என்று சக்திவேலுக்குள் ஒரு வன்மம்.

"உங்க பொண்ணு போயிட்டா" என்றான்.

அழுகை கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் வழக்கம். அழுகை கேட்கவில்லை. ரிசீவரை வைக்கும் சத்தம்தான் கேட்டது. கல் நெஞ்சக்காரர் என்று முணுமுணுத்தபடி, மறுபடி கூப்பிடாமலே வீடு திரும்பினான்.

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. கோதண்டராமன் இறங்கினார். காலில் செருப்பில்லை. ஒரு கையில் ரோஜா மாலை, மறு கையில் சிவப்புப் புடவை. சுமங்கலியாகப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்துகிற கோடி.

கரண்டியோடு வெளியே வந்த சந்திரகலா, "அப்பா" என்றாள்.

மாலை நழுவி விழுந்தது. அவர் அவள் நெற்றியை, கன்னத்தை, தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் அழுதார்.

"காக்கா தட்டிடுச்சி மாமா... அதான்..." என்று இழுத்தான் சக்திவேல்.

கோதண்டராமன் திட்டவில்லை. "திருப்பி ஒரு போன் போட்டிருக்கலாமே, மாப்ள" என்றார். ஆறு வருஷத்தில் முதல் மாப்ள. ஓங்கி அறைந்திருந்தால்கூட இப்படிச் சுட்டிருக்காது.

சந்திரகலா புடவையை வாங்கப் போனாள். அவர் சட்டென்று பின்னால் மறைத்தார். "இது வேணாம்மா. வேற நல்லதா எடுத்துத் தரேன்."

"நீங்க எனக்குன்னு கொண்டாந்தது இது ஒண்ணுதானேப்பா" என்று பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கணவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மறுபடி கருடன் வந்தது. "கும்பிடுடா" என்றாள் ஜோதியம்மாள். சக்திவேலுக்குக் கை எழவில்லை. வாசலில் கிடந்த மாலையை எடுத்துக்கொண்டான். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல், காக்கை கத்திக்கொண்டிருந்த மரத்தடியில் நின்றான்.