அண்ணாச்சி குடும்பத்து ஃபோல்டர்

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் பெரியவர்கள் பெயர் வரிசையாக வர வேண்டும். ஒன்று விட்டுப்போனால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் உப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனி. முதல் ஃபோல்டரின் பெயர் ‘ஏரல் அமரர் சுடலைமுத்து அய்யா நல்லாசியுடன்’. அதைத் திறந்தால் அவர் மகன், எங்கள் முதலாளி ராஜதுரை அண்ணாச்சி, பட்டம் பதவியோடு. அதற்குள் மருமகன் முத்துக்குமரன், எம்.பி.ஏ., பொது மேலாளர். அதற்குள் பேத்தி. காது குத்தியபோது சேர்த்தார்கள், வயது ஒன்றரை. அவளையும் தாண்டிப் போனால்தான் கப்பல்களும் அவற்றின் பேப்பர்களும்.

நான் இசக்கிசெல்வி, விளாத்திகுளத்துக்காரி, இந்த ஆபீசின் சிஸ்டம் அட்மின். சர்வர் மாற்றுகிற நாள் அது; அன்றோடு என் பயிற்சிக் காலம் முடிகிறது. வாடகைக்கு எடுத்திருந்த பழைய சர்வரைச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குள் எல்லா ஃபைலையும் புது நெட்வொர்க் டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டால் வேலை நிரந்தரம். ஒன்று விட்டுப்போனாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அண்ணியின் தம்பி மாப்பிள்ளையாகத் தயாராக இருந்தான். பெண் பார்க்க வந்த இடத்தில், நான் பேசி முடிக்கும்வரை செல்போனில் கிரிக்கெட் பார்த்தவன். அவனுக்குக் கழுத்தை நீட்டுவதற்குப் பதில் உப்பளத்தில் வெயில் காயலாம்.

காலையிலேயே கம்ப்யூட்டரில் கட்டளை தட்டுகிற கருப்பு ஜன்னலைத் திறந்து, மொத்தமாகக் காப்பி செய்கிற எக்ஸ்காப்பி கட்டளையைத் தட்டினேன். ஃபைல்கள் சரசரவென்று ஓடின. திடீரென்று நின்றன. ‘இன்சஃபிஷியண்ட் மெமரி’ என்றது.

பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். “மெமரி பத்தலையா? அதுக்கென்னளா, வாங்கிட்டாப் போச்சு!”

சொன்ன கையோடு பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வந்து இறங்கியது. “இது அந்த மெமரி இல்ல அண்ணாச்சி” என்றேன். “எந்த மெமரியோ அதயும் வாங்கு” என்றார். அதுவும் வந்தது, மாட்டினேன். அதே இடத்தில் நின்று அதே சேதியைச் சொன்னது.

அடுத்து மருமகன் வந்தார். “அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ணுங்க. அதிகாரம் இருந்தாத்தான் எதுவும் நடக்கும்.”

பண்ணினேன். அப்படி ஒரு டிரைவே இல்லை என்று வந்தது. விண்டோஸின் வழக்கம் அது. சாதாரண ஆளாக இருந்து மாட்டிய நெட்வொர்க் டிரைவ், அட்மினிஸ்ட்ரேட்டராகப் போனால் கண்ணுக்குத் தெரியாது. அதிகாரம் வந்ததும் பார்வை போவது மனிதர்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“சர்வரையே தொலைச்சிட்டீங்களா?” என்று அவர் கத்தினார். எனக்கு அண்ணியின் தம்பி முகம் வந்து போனது.

அப்புறம்தான் புத்தி வந்து, காப்பி நின்ற ஃபைலின் முழு முகவரியை எடுத்துப் பார்த்தேன். எக்ஸ்காப்பிக்கு ஒரு குணம் உண்டு. முகவரி இருநூற்றைம்பது எழுத்துச் சொச்சத்தைத் தாண்டினால், நீளம் அதிகம் என்று நேராகச் சொல்லாது. மெமரி பத்தவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடும். சம்பந்தி வீட்டுச் சமையல் பிடிக்காதவர் வயிறு சரியில்லை என்று சொல்வாரே, அந்த மாதிரி. தமிழில் வைத்தால் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு வேறு. பெரியவர்கள் பட்டங்களிலேயே முக்கால்வாசி இடம் போயிருந்தது.

“பேரக் கொஞ்சம் சுருக்கணும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யாரு பேர?”

நல்ல கேள்வி. அப்பா பெயரைத் தொட்டால் பாவம். அண்ணாச்சி பெயரை எடுக்க முடியாது, அவர் முதலாளி. மருமகன் பெயரை எடுத்தால் மகள் பெட்டியோடு வந்து நிற்பாள். பாப்பா பெயரை எடுக்கலாமா என்றேன். “தலைப் பேத்திளா அது!” என்றார். கடைசியில் அண்ணாச்சியே ஒரு வழி கண்டுபிடித்தார். “கப்பல் பேரச் சுருக்கிரு.”

பேப்பர் வேலைகளைப் பார்க்கிற ஹில்டாக்கா எழுந்தே விட்டாள். “மாதாவே! கப்பல் பேர மாத்துனா கஸ்டம்ஸ்காரன் நம்ம எல்லாரையும் உள்ள தூக்கி வச்சிருவான் அண்ணாச்சி!”

அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும் என்று நான் திரும்பி உட்கார்ந்தேன். யார் பெயரையும் தொடவில்லை. பழைய சர்வரில் இருந்த பாப்பாவின் ஃபோல்டருக்கே நேராக ‘ஒய்’ என்று ஒரு டிரைவ் எழுத்தைச் சுருக்கு முகவரியாகக் கொடுத்தேன். நாலு தலைமுறையும் ஓரெழுத்துக்குள் அடங்கியது. அங்கிருந்து காப்பியைத் தொடங்கினேன். ஓடியது. பழைய சர்வரை எடுக்க ஆள் வந்து நிற்கும்போது கடைசி ஃபைலும் போய்ச் சேர்ந்தது. பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை.

அண்ணாச்சி புது டிரைவைத் திறந்து பார்த்தார். கப்பல்கள் மட்டும் இருந்தன. “ஏளா, எங்கப்பாவ எங்க?” என்றார்.

“பேரு வரல அண்ணாச்சி. ஃபைல் எல்லாம் வந்துட்டு.”

“ஒன் வேல நிரந்தரம், போ. ஆனா பேரெல்லாம் பழையபடி வச்சிரு.” போகப் போனவர் திரும்பி வந்தார். “ஒம் பேரயும் போடு. இவ்வளவு செஞ்சவ பேரு இல்லாம எப்படி?”

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய பெயர்களை வரிசையாக வைத்து, பாப்பாவுக்குள் கடைசியாக ஒரு ஃபோல்டர் போட்டுக் கப்பல்களை அதற்குள் தள்ளிவிட்டு, அதன் பெயரை அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்: ‘சிஸ்டம் அட்மின் செல்வி மு. இசக்கிசெல்வி பி.எஸ்சி.’ என் படிப்பைப் பெயரோடு சேர்த்து எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஹில்டாக்கா கூப்பிட்டாள். “ஏளா, கப்பல் ஃபைல் ஒண்ணும் தெறக்க மாட்டேங்கு!”

போய்ப் பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும். ஃபைலைத் திறக்க விண்டோஸ் வைத்திருக்கிற எல்லை எக்ஸ்காப்பியுடையதைவிடக் கொஞ்சம் பெரியது; என் பெயர் சேர்ந்ததும் முகவரி அதையும் தாண்டியிருந்தது.

“ஒம் பேர எடுத்தாச் சரியாயிருமா?”

“ஆயிரும்க்கா.”

“பொறவென்ன, எடேன்.”

மவுஸ் அம்பை என் பெயர் மேல் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன். அப்புறம் மெதுவாக நகர்த்திப் பாப்பா பெயர் மேல் வைத்தேன்.

“பச்சப்புள்ள பேருளா அது!” என்றாள் ஹில்டாக்கா.

“அதுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாதுல்லாக்கா” என்றேன்.