பதினோரு வினாடி

எங்கள் டைரக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் இருட்டு. என்ன சிக்கல் வந்தாலும், "லைட்டை ஆஃப் பண்ணு, யாருக்குத் தெரியப்போகுது" என்பான். எடுத்தது பன்னிரண்டு நிமிடத் திகில் படம். ஒரு அறை, உள்ளே ஒரு பெண், கதவுக்கு வெளியே ஒருவன். அந்த ஒருவனாக நடிக்க ஆள் பிடிக்கத்தான் எங்களுக்கு வக்கில்லை.

"ஆளே வேண்டாம்," என்றான் இருட்டு. "கதவுக்கு அடியில ஒரு நிழல், கைப்பிடி மெதுவா திரும்பணும். கேமரா அவ முகத்தை விட்டு நகரவே கூடாது. மீதியெல்லாம் சத்தம்தான். அது உன் பாடு."

நிழலுக்கு என் பழைய பூட்ஸைக் குச்சியில் கட்டி நகர்த்தினோம். கைப்பிடியைத் தூண்டில் நரம்பு கட்டி இழுத்தோம். படத்துக்குச் சத்தம் பதிவு செய்பவள் நான். கதவுக்கு வெளியே நிற்பவனுடைய மூச்சுதான் அமையவில்லை. நானே விட்டுப் பார்த்தேன், மாடி ஏறிவந்த நாய்க்குட்டி மாதிரி இருந்தது. இருட்டு விட்டான், ஜலதோஷக்காரன் மாதிரி இருந்தது.

அப்பா முப்பது வருடம் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். கல் தூள் அவர் நெஞ்சிலேயே குடியேறிவிட்டது. அவர் மூச்சில் நீளமாக ஒரு இழுப்பு, நடுவில் மெல்லிய விசில், கடைசியில் எதிலோ தட்டி நிற்பது போல ஒரு தடங்கல். ஒருநாள் மதியம் அவர் தூங்கும்போது தலையணைக்குப் பின்னால் மைக்கை வைத்து நாற்பது நிமிடம் பதிவு செய்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள். "அவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டா அப்புறம் மூச்சு இயல்பா வராதும்மா. முதல்ல எடுத்துடறேன், பிறகு சொல்லிக்கலாம்."

"மறக்காம சொல்லிடு. ரோஷக்காரர்."

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த மூச்சு எனக்கு வேண்டியிருந்தது.

படத்தில் அதைக் கேட்டும் கேட்காத மாதிரிதான் ஆரம்பித்தேன். கேமரா அவள் முகத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நூல் சத்தம் கூட்டினேன். மின்விசிறி, தெரு, மற்ற சத்தம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் மூச்சு மட்டும்தான் மிஞ்சியது. அங்கே இருட்டு என் கையைப் பிடித்தான்.

"இங்க நிறுத்து. சத்தம் கேக்கறவரைக்கும் அவன் எங்க இருக்கான்னு அவளுக்குத் தெரியும். நின்னுட்டா?"

பதினோரு வினாடிக்கு ஒன்றுமே இல்லாமல் விட்டேன்.

ஒரு சின்ன அரங்கில் மதியக் காட்சி கிடைத்தது. அப்பா வராமலிருக்க நான் சொல்லாத சாக்கில்லை. "என் பொண்ணு படம். தவழ்ந்தாவது வருவேன்" என்று இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிட்டார். இரண்டு மாடி ஏற ஏழு இடத்தில் நின்றார். தூக்கத்தில் விடும் தன் மூச்சை யார் அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

திரையில் மூச்சு தொடங்கியது. முன் வரிசையில் ஒரு பெண் கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, மிருகம் மாதிரி இருக்கு" என்றாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு, "பின்னாடியிருந்தும் வருது பாரு. என்னமா பண்ணியிருக்காங்க!" என்றான்.

பின்னால் இருந்தது அப்பா. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் விசில் வந்தது, நெஞ்சிலும் வந்தது. மெதுவாகக் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

படத்தில் மூச்சு நின்றது. அந்த அமைதியில் அப்பாவின் மூச்சு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடக்கிக்கொண்டிருந்தார். ஐந்து, ஆறு. மாடி ஏற ஏழு இடத்தில் நின்ற மனிதர். ஏழு, எட்டு. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. அம்மா அவர் முதுகில் கை வைத்தாள். நானே அளந்து வைத்த அமைதி, ஒரு வினாடிகூட என்னால் குறைக்க முடியவில்லை. பதினொன்று. கதவு படாரென்று திறந்தது. அரங்கு அலறியது, பிறகு கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு அடியில் அப்பா இருமித் தீர்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கம்மா," என்றார் வெளியே வந்ததும்.

"அப்பா, அது வந்து..."

"படியைப் பார்த்து இறங்கு."

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அப்பா திட்டவே இல்லை.

அதிலிருந்து மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டுதான் படுக்கிறார். சமையலறையிலிருந்து கேட்டால் விசில் கேட்கும். அம்மா அந்தப் பக்கம் போனாலும் விசில் நிற்பதில்லை. என் காலடி கேட்டால் நின்றுவிடும்.

இன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே சத்தம் நின்றது. நகர்ந்துவிட்டால் மூச்சு விடுவார் என்று தெரியும். கால் எழவில்லை. என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அதைத் தாண்டியும் உள்ளே ஒன்றுமில்லை.

கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னேன். "அப்பா, கையில ஒண்ணுமில்லப்பா. மைக் இல்ல. மூச்சு விடுங்க."