டர்னிப் இலை வறை

1992 பெப்ரவரியில் தியாகராஜாவுக்கு இதய வால்வு மாற்றினார்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தவர், ஹவுன்ஸ்லோ வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தார். இரத்தம் உறையாமலிருக்க ஒவ்வொரு மாலையும் ஒரு மாத்திரை. சாப்பாடுதான் இறங்கவில்லை. எதை வைத்தாலும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

ஜூன் மாதம் அவருடைய மனைவி கமலாம்பிகை சந்தையில் இலையோடு டர்னிப் கண்டாள். பார்வைக்கு ஊரில் சமைக்கும் நோக்கோல் கிழங்கு போலிருந்தது. கிழங்கைப் பச்சைமிளகாயும் வெந்தயமும் போட்டுப் பால்கறி வைத்தாள். இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ சேர்த்து வறுத்து வறை செய்தாள். தியாகராஜா இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.

"இதை நாளைக்கும் செய்யும்," என்றார்.

பக்கத்து வீட்டு றோஸ்மலரும், "டர்னிப் நல்ல சாமான் அக்கா. நார்ச்சத்து, பிரஷருக்கும் நல்லதாம்," என்றாள். மூன்று கிழமையாக இலை வறை இல்லாத நாளே இல்லை. அவர் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

ஒரு காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரின் வாய் ஒருபக்கம் கோணியது. வலக்கை சோர்ந்து விழுந்தது. பேச்சும் குழறி நின்றது. அம்புலன்சுக்குப் போன் செய்த கமலாம்பிகைக்கு 'வாய் கோணுது' என்பதற்கு ஆங்கிலம் வரவில்லை. வீட்டு முகவரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அஞ்சலீனா என்ற தமிழ்த் தாதி கேட்டாள்: "அன்ரி, புதுசா ஏதும் சாப்பாடு குடுத்தனீங்களோ?"

"டர்னிப் இலை. ஒவ்வொரு நாளும்."

அஞ்சலீனா அதைக் குறிப்பில் எழுதினாள். "கிழங்கு பரவாயில்லை அன்ரி. இலையில விற்றமின் கே அதிகம். திடீரெண்டு நிறையச் சாப்பிட்டா மாத்திரை வேலை செய்யாது. இரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிருக்கு. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

ஒன்பது நாள் கமலாம்பிகை அவர் கட்டிலருகே இருந்தாள். என் கையாலேயே குடுத்தேனே என்ற எண்ணம் அவளைத் தின்றது. பத்தாம் நாள் அவருக்குப் பேச்சு திரும்பியதும், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் சுவரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும், கமலா." நாக்கு இன்னும் தடித்திருந்தது. "கிளினிக்கில டொக்டர்மார் சொன்னவை. கீரையைக் கூட்டக் குறைக்கக் கூடாதெண்டு. சொன்னா நீர் நிப்பாட்டிப்போடுவீர் எண்டு... வாய்க்கு ருசியா இருந்தது அது ஒண்டுதான்."

அவர் கையைப் பிடித்திருந்த தன் கையை அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வேளை தவறாமல் சாப்பாடு மட்டும் கொண்டுவந்து ஊட்டினாள்.

மூன்றாம் நாள் அஞ்சலீனாவிடம் ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கினாள். என்ன கீரை, கிழமைக்கு எத்தனை தரம், எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. அதை அவருடைய இடக்கையில் வைத்தாள்.

"வாசியுங்கோ."

அவர் திக்கித் திக்கி வாசித்தார். பாதியில் தடுமாறினார்.

"எனக்குக் கேக்கேல்லை. முதலிலயிருந்து," என்றாள்.