இரண்டு நீலம்

நிறத்தை மாற்றலாமா என்று றெக்சனிடம் கேட்டதாகத்தான் எனக்கு நினைவு. அவன் தேநீர்க் கோப்பையுடன் ஜன்னலோரம் நின்றது, என் திரையைப் பார்த்துத் தலையாட்டியது எல்லாம் கண்ணில் நிற்கிறது. ஆனால் என் நினைவை இப்போது நான் நம்புவதில்லை.

மெல்பர்னில் கௌரிசங்கரின் கம்பளக் கடையில் நாங்கள் இருவரும் வரைபடம் போடுபவர்கள். நைந்துபோன நூறு வருடப் பாரசீகக் கம்பளம் ஒன்று வந்தால், அதைப் படமெடுத்து, முடிச்சுக்கு ஒரு கட்டமாகக் கணினியில் வரைவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிற எண். வரைபடம் ஆப்கானிஸ்தானுக்குப் போகும். அங்கே சிவப்புக்கு மஞ்சிட்டி வேரிலும் நீலத்துக்கு அவுரியிலும் தோய்த்த கம்பளியால் அதையே புதிதாக நெய்து அனுப்புவார்கள்.

ஓர் ஈரானியப் பெண்மணி கொண்டுவந்த கம்பளத்தில் நீலம் பாதி உயரத்தில் சட்டென்று வெளிறியிருந்தது. கீழே பதினான்காம் எண், மேலே பதினைந்து. வெயில் பட்டு மங்கியதென்று நினைத்து, பதினைந்தை அழித்து எல்லாவற்றையும் பதினான்கு ஆக்கினேன்.

பதினொரு மாதம் கழித்துப் புதுக் கம்பளம் வந்தது. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார். பாதியில் நின்று, குனிந்து தடவிப் பார்த்தார். இங்கே நீலம் மாறியிருக்க வேண்டும் என்றார். நெய்தவள் அந்த வரிசையில் நிறுத்திவிட்டுப் போய்ப் பிள்ளை பெற்றாளாம். திரும்பி வந்தபோது பழைய சாயம் தீர்ந்து, புதுச் சாயம் வைத்திருந்தார்களாம். அந்தப் பிள்ளையின் பேத்தி இவர். கம்பளம் வேண்டாமென்று போய்விட்டார்.

கௌரிசங்கர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். நான் வரைவதைச் சரிபார்ப்பது றெக்சனின் வேலை. கோப்பில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் தானாகவே விழுந்துவிடும். மன்னார்க்காரன். அவன் விசா இந்தக் கடையின் ஸ்பான்சரில் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு மாத்தினது?"

"நான்தான் சார். றெக்சன்கிட்ட கேட்டுட்டுத்தான் மாத்தினேன்."

பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. றெக்சன் என்னையே பார்த்தான்.

"ஓம். அக்கா கேட்டிருப்பா" என்றான்.

"கேட்டிருப்பாவா? உனக்கு இங்க என்னதான்யா வேலை, டீ குடிக்கிறதா?"

அந்த மாதக் கடைசியில் கௌரிசங்கர் றெக்சனின் விசா ஸ்பான்சரை விலக்கிக்கொண்டார்.

அதன்பின் எனக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. பொயிண்ட் குக்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தும் உட்கார முடியாமல் அறை அறையாக நடந்தேன். ஒரு மதியம் கடையில் பழைய கோப்பைத் திறந்து, நிறத்தை மாற்றிய தேதியைப் பார்த்தேன். பெரிய வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமை. வியாழனே வரைபடம் போய்விட்டிருந்தது. அந்த வாரம் முழுக்க றெக்சன் சிட்னியில் தங்கை பிறின்சியின் வீட்டில் இருந்தான். திரும்பும்போது அங்கே வென்ட்வேர்த்வில்லில் வாங்கிய மிக்சரை எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தான். தேநீர்க் கோப்பையும் ஜன்னலும் வேறு ஏதோ நாளுடையவை.

அவனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"தெரியும் அக்கா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் அவ்வளவு உறுதியாச் சொன்னீங்கள், எனக்கே டவுட் வந்திட்டுது." சிரித்தான். "வீட்ட போய்த்தான் யோசிச்சனான், அண்டைக்கு நான் பிறின்சியின்ர குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு."

"அப்புறமாவது வந்து சொல்லலாமில்ல?"

"ஆர் நம்புவினம்? நான் நாள் முழுக்க அலட்டுறவன். நீங்கள் வாய் திறக்கிறதே குறைவு. திறந்தா எல்லாரும் நம்புவினம்."

 

மறுநாள் கௌரிசங்கரிடம் தேதியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"இப்ப சொல்லி என்னம்மா பண்றது? இமிக்ரேஷனுக்கு லெட்டர் போயாச்சு."

றெக்சனுக்கு வேறு ஸ்பான்சர் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் மன்னாருக்குத் திரும்பினான். அங்கே கல்யாண அட்டை டிசைன் செய்கிறான் என்று பிறின்சி சொன்னாள். ஈரானியப் பெண்மணி நைந்த கம்பளத்தையே வைத்திருக்கிறார். புதியது கௌரிசங்கர் வீட்டு ஹாலில் கிடக்கிறது. நான் அதே கடையில் இருக்கிறேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் இப்போது என் பெயர் விழுகிறது.