சோபா இல்லாத வீடு

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் சோபா இல்லை. நைஜீரியாவில் நான் இயற்பியல் நடத்திய பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. ராணுவம் ஆட்சியை மக்களிடம் ஒப்படைத்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி இங்கே தற்காலிக வேலையில் இருந்தேன். விருந்தாளிகளுக்கும் மடக்கு நாற்காலிதான்.

ஒப்படைக்கும் தேதி தொண்ணூற்றிரண்டு அக்டோபர் என்றார்கள். பிறகு தொண்ணூற்று மூன்று ஜனவரி, அப்புறம் ஆகஸ்ட். ஒருவழியாக ஜூனில் தேர்தல் நடந்தது. மறுநாளே அபார்ட்மெண்டைக் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்தேன். தமிழ் நண்பர்கள் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து பாட்லக் விருந்து வைத்து, குத்துவிளக்கும் பரிசளித்து வழியனுப்பினார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் தேர்தலே செல்லாது என்று ராணுவம் அறிவித்துவிட்டது. செய்தியைக் கேட்டு ரேடியோவை அணைத்தேன்.

“இப்ப என்னங்க பண்றது?” என்றாள் என் மனைவி நாகமணி.

“மறுபடியும் தேர்தல் வெப்பாங்களாம். பாக்கலாம்.”

“அப்ப வெண்பாவை எந்த ஸ்கூல்லீங்க சேக்கறது?” என்று மகளைப் பற்றிக் கேட்டாள்.

“கொஞ்சம் பொறு. செப்டம்பர்ல முடிவு பண்ணிக்கலாம்.”

“நீங்களும் தேதி சொல்ல ஆரம்பிச்சுட்டீங்களா? மிலிட்டரி தொப்பி ஒண்ணுதானுங்க பாக்கி!”

எனக்குச் சுருக்கென்றது. கார் சாவியை என் கையில் திணித்தாள்.

“முதல்ல அபார்ட்மெண்ட் ஆபீஸ்ல போய் நோட்டீஸை கேன்சல் பண்ணுங்க. அப்புறம் சோபா கடைக்குப் போலாம்.”

கடையில் ஒரு பச்சை சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள்.

“அடுத்த வாரம் வந்து...” என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கடைக்காரரிடம், “டெலிவரி டுமாரோ,” என்றாள்.