இரும்புச் செம்மறியின் முதுகு

மெக்சிகோவின் சொனோராவில் நடக்கும் துப்பாக்கிப் போட்டிகளில் குண்டு பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. விழுந்ததா என்பதுதான் கேள்வி. கோழி, பன்றி, வான்கோழி உருவங்கள் என்று ஒவ்வொன்றாகத் தூரம் கூடிப் போய், கடைசியில் ஐந்நூறு மீட்டருக்கு அப்பால், குன்றின் அடிவாரத்தில், தடித்த எஃகில் வெட்டிய செம்மறிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் பாதங்களை யாரும் முடுக்கி வைப்பதில்லை. ஒரு மேடைமேல் சும்மா நிறுத்தி வைத்திருப்பார்கள். சுடுகிறவர் எதன்மேலும் சாயாமல், நின்ற நிலையிலேயே சுட்டு அதைச் சாய்க்க வேண்டும். ஓசை மட்டும் எழுப்பினால் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

தெல்ஃபினா மொரோயோக்கி ஊரின் பல் மருத்துவர். பக்கத்து மாநிலமான சிவாவாவில் நடக்கும் போட்டிக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. காலைப் போட்டி முடிந்தபோது அவளும் மாட்டுப்பண்ணைக்காரர் அன்செல்மோவும் அந்த இடத்துக்குச் சமமாக நின்றார்கள். ஆளுக்கு ஐந்து செம்மறி, அதில் யார் அதிகம் சாய்க்கிறாரோ அவருக்கு இடம் என்று முடிவாயிற்று.

அன்செல்மோ சுடுவது பன்னிரண்டு கிராம் குண்டு. அது சுவரில் முட்டும் காளை மாதிரி போய் மோதும். பின்னால் அவர் தோளையும் அதே மாதிரி உதைக்கும். தெல்ஃபினாவுக்கு அது ஒத்துவராது. இரண்டு வருடத்துக்கு முன் குதிரை தள்ளிவிட்டதில் அவளுடைய காறை எலும்பு உடைந்திருந்தது. அதனால் ஒன்பது கிராம் குண்டோடு நின்றுகொண்டாள். முன்பக்கம் ஊசிக் கூர், பின்பக்கம் மீனின் வால் போலச் சற்றே ஒடுங்கிய அடி. அழகான குண்டு. காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ச் சொன்ன இடத்தில் படும். ஆனால் பட்ட செம்மறி ஒரு முறை தலையாட்டிவிட்டு அப்படியே நிற்கும். பருவம் முழுக்க அவள் செம்மறிகள் மணியடித்தன, விழவில்லை. கோழியிலும் பன்றியிலும் வான்கோழியிலும் எடுத்த புள்ளிதான் அவளைச் சமமாக நிறுத்தியது.

"டாக்டரம்மா சுட்டா ஆடு கேட்டுக்குது. கேட்டுட்டு திரும்ப மேயப் போயிடுது," என்பார் அன்செல்மோ. அணிக்காரர்களும் சிரிப்பார்கள். சிரிப்பின் அர்த்தம் அவளுக்குத் தெரியும்: லேசான குண்டுக்காரியை நம்பி ஓர் இடத்தை வீணாக்க முடியாது.

அதற்குத்தான் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஊசி குத்தும், உள்ளங்கை தள்ளும். குண்டின் கூரை எடுத்துவிட்டால் அதுவும் தள்ளும் அல்லவா? நோயாளிகள் வராத நேரத்தில், பல் தேய்க்கும் சக்கரத்தாலேயே குண்டு முனைகளைத் தட்டையாக்கினாள். அண்ணனின் பண்ணையில் பழைய ஏர்த்தட்டு ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்த்தாள். தட்டு மல்லாந்தது. குண்டும் சரியான இடத்தில்தான் பட்டது. ஆனால் அங்கே இருநூறு மீட்டருக்கு மேல் இடமில்லை. எல்லாவற்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவருவது பெரிய வேலை என்பதால் ஐந்து தோட்டாதான் செய்திருந்தாள். இந்த ஐந்து செம்மறிக்காகவே அவற்றைப் பொத்தி வைத்திருந்தாள்.

அன்செல்மோ முதலில் சுட்டார். காலையிலிருந்து உதை வாங்கிய தோள் கடைசி இரண்டில் துடித்துவிட்டது. மூன்று விழுந்தன.

தெல்ஃபினா சுடும் கோட்டில் வந்து நின்றாள். அவள் பக்கத்தில் கணவன் சாயோ தொலைநோக்கியில் கண் வைத்து, குண்டு எங்கே போகிறதென்று சொல்லத் தயாராக இருந்தான். ஐந்துக்கும் சேர்த்து இரண்டரை நிமிடம். முதல் தட்டைக் குண்டை ஏற்றினாள். செம்மறியின் நெஞ்சில் குறிநோக்கியின் குறுக்குக்கோட்டை வைத்து விசையை அழுத்தினாள்.

"கீழ. காலுக்கு முன்னால புழுதி," என்றான் சாயோ. "நல்ல கீழ, தெல்ஃபி. கை ஆடிடுச்சா?"

கை ஆடவில்லை. அவளுக்கே தெரியும். இரண்டாவது தட்டைக் குண்டை எடுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூர் யாருக்காக? செம்மறிக்காகவா? இல்லை, காற்றுக்காக. தட்டை முனை காற்றை முட்டிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு மீட்டரிலும் வேகத்தை இழக்கிறது. வேகம் குறைந்தால் வழியில் கழியும் நேரம் கூடும், நேரம் கூடினால் குண்டு கீழே இறங்கும். இருநூறு மீட்டரில் அந்த நஷ்டம் கண்ணில் படாது. ஐந்நூறில் ஓர் ஆட்டுக்கால் உயரம். அதோடு, எஃகில் மோதியதும் எந்த ஈயமும் நசுங்கிச் சிதறுகிறது. கூரா தட்டையா என்று எஃகு பார்ப்பதே இல்லை. எடையையும் மிச்ச வேகத்தையும் மட்டுமே பார்க்கிறது. அவள் அந்த மிச்சத்தைத்தான் தேய்த்துத் தள்ளியிருந்தாள்.

தட்டையை விட்டுவிட்டுச் சட்டைப் பையில் கிடந்த கூர் தோட்டாக்களை எடுத்தாள்.

"அது நிக்குமே, தெல்ஃபி. காலைல பூரா நின்னுச்சே," என்றான் சாயோ.

நிற்கும்தான். நெஞ்சில் பட்டால் நிற்கும். இப்போது நான்கும் விழுந்தாக வேண்டும். அவள் கண் குறுக்குக்கோட்டில் இருந்தாலும் விரல் வேறொன்றை நினைத்தது. ஆடுகிற பல்லை ஈறுக்குப் பக்கத்தில் தள்ளினால் அசையாது. அதே விரலை உச்சியில் வைத்தால் அதே தள்ளலுக்கே சாயும். தினமும் செய்வதுதானே.

"முதுகுல வைக்கப்போறேன்."

"முதுகு உள்ளங்கை அகலம்தான். மேல போனா போச்சு."

"நீ பாத்துச் சொல்லு."

சுட்டாள். செம்மறி அசைந்தது, அசைந்துகொண்டே பின்னால் போயிற்று, மல்லாந்தது. அதற்குப் பிறகுதான் அந்த 'டங்' ஓசை காற்றில் மிதந்து வந்து சேர்ந்தது. சாயோ அவள் முழங்கையைத் தட்டினான். அடுத்ததும் விழுந்தது. நான்காவது ஒரு பக்கமாகத் திருகி, யோசித்து, தன் நிழல்மேலேயே சரிந்தது. பின்னால் யாரோ காபிக் குவளையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மூன்றுக்கு மூன்று.

கடைசிக்குக் காற்று எழுந்தது. குன்றடியில் புல் ஒரு பக்கமாகப் படுத்தது. காற்று ஓயட்டும் என்று காத்தாள். நேரம் கரைந்தது.

"அடங்குது," என்றான் சாயோ. "இப்போ."

விசை அழுந்தியது. செம்மறி பின்னால் சாய்ந்தது, நின்றது, முன்னால் வந்தது. ஓசை வந்து சேர்ந்தபோதும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. மறுபடி பின்னால் போயிற்று, பாதங்களின் முன் விளிம்பு மேடையை விட்டு எழும்பியது, அந்தரத்தில் ஒரு மூச்சு நேரம் தொங்கியது.

"போ," என்றார் அன்செல்மோ, தன்னை அறியாமல்.

போயிற்று.

அவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டு வந்தார். அவள் முன்னால் கிடந்த நான்கு தட்டைத் தோட்டாக்களைப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டினார். மூக்கறுந்த இந்தச் சாமான்களால் என்ன பயன் என்று கேட்டார்.

"நீங்களே வச்சுக்கோங்க, அன்செல்மோ ஐயா," என்றாள் தெல்ஃபினா. இன்னும் மூச்சு வாங்கியது. "மேயப் போன ஆடு எப்பவாச்சும் இருநூறு மீட்டர் கிட்ட வந்தா உதவும்."