அடுத்தவர் வரி

பத்தேகால் மணிக்குக் கியானாவின் முறை.

வரலாற்று ஆசிரியர் டாலிவர் முன்னதாகவே வந்து அறைக் கதவருகே நின்றார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, தெருமுனைக் கடையில் வாங்கிய முட்டை ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். சுற்றியிருந்த தாளைக் கசக்கி உருண்டையாக்கினாள்.

“மிஸ்டர், பரீட்சை எனக்கா, உங்களுக்கா? மூஞ்சியப் பாருங்க.”

அவர் சிரிக்க முயன்றார். தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார்.

“ஆச்சு. உள்ள ஒரு வெள்ளக்காரம்மா உக்காந்திருக்காங்களே, அவங்க செருப்பப் பாத்தீங்களா? நம்ம ராப் வட்டத்துக்கு அந்தச் செருப்போட வந்தா ரெண்டே வரியில அழுதுட்டுப் போயிடுவாங்க.”

“இது வட்டம் இல்ல, கியானா.”

“தெரியும் மிஸ்டர். நல்ல புள்ளையா இருப்பேன்.”

இந்த ஆண்டோடு அவளுக்கு இருபத்தொரு வயதாகிறது. அதன் பிறகு நகரத்துப் பள்ளி எதிலும் அவளுக்கு இடமில்லை. இந்தப் பள்ளியில் கடைசித் தேர்வை எழுதுவதில்லை. மேசைக்கு அந்தப்பக்கம் ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். மாணவி தன் ஆய்வைச் சொல்லி அதை நிலைநிறுத்த வேண்டும். மற்றப் பாடங்களை அவள் தாண்டிவிட்டாள். வரலாறு மட்டும் பாக்கி. அதுவும் தாண்டினால் பள்ளி முடித்ததற்கான டிப்ளமா. டிப்ளமாவைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் பயிற்சி. அங்கே அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

டாலிவர் வரலாற்றை ராப் பாட்டில் நடத்துபவர். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வகுப்பு வட்டமாக நிற்கும். ஒருவன் மேசையைத் தட்டித் தாளம் கொடுப்பான். அன்றைய பாடத்தை ஒவ்வொருவரும் தன் வரிகளில் சொல்ல வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று. கடிக்கக் கூடாது. அடுத்தவர் வரியைத் தன் வரி போலச் சொல்வதற்கு பள்ளி இருக்கும் பிராங்ஸ் பகுதியில் கடிப்பது என்று பெயர். அந்தச் சட்டம் டாலிவருடையது அல்ல. அவர் பிறக்கும் முன்பே அந்தத் தெருக்களில் இருந்தது.

கியானாவைப் பழைய பள்ளியிலிருந்து வெளியேற்றியது, போனிலிருந்து ஒரு கட்டுரையை அப்படியே எடுத்துக் கொடுத்ததற்காக. இங்கே வந்த புதிதில் வேறொரு பெண்ணின் வரியைத் தன்னுடையதாகச் சொன்னாள். யாரும் திட்டவில்லை. வட்டம் முழுவதும் திரும்பி நின்றுகொண்டது. அவள் முதுகுகளைப் பார்த்துத் தன் பாட்டை முடித்தாள். டாலிவரும் திரும்பித்தான் நின்றார்.

அதற்குப் பிறகு அவள் யாருடைய சொல்லையும் தொடவில்லை. ஒரு வாக்கியத்துக்காக மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். அவள் கட்டுரைகளில் ஒரு சொல்கூட இரவல் இல்லை. பிரின்ஸிபல் ஃபெலிசியானோ அவற்றைப் பிற ஆசிரியர்களுக்குப் படித்துக் காட்டினார்.

உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். ஃபெலிசியானோ; வெளியிலிருந்து வந்த கல்லூரி ஆசிரியை மிஸ் ஹாஸ்கெல். டாலிவரின் நாற்காலி ஜன்னலோரம். சொந்த ஆசிரியர் உடனிருக்கலாம், பேசக் கூடாது. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலும் தேர்வு செல்லாது.

கியானாவின் பொருள், எழுபதுகளில் பிராங்ஸ் பகுதி ஏன் எரிந்தது என்பது. அவள் தாளைப் பார்க்காமல் பேசினாள். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தீ வைத்த வீட்டுக்காரர்களைப் பற்றி, மூடப்பட்ட தீயணைப்பு நிலையங்களைப் பற்றி. நடுவில் மேம்பாலத்தில் ரயில் வந்தது. கியானாவும் ஃபெலிசியானோவும் பாதிச் சொல்லில் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள். ஹாஸ்கெல் மட்டும் ரயில் சத்தத்தின் நடுவிலும் பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

அவர் திரும்பக் கேட்டார். சொன்னதெல்லாம் அருமை, சாட்சி எங்கே?

மேசையில் ஆவணக் கட்டு இருந்தது. அதில் ஒரு பக்கத்தை எடுத்து அவள் முன் நகர்த்தினார். தீயில் வீட்டை இழந்த ஒருவர் விசாரணையில் சொன்னது. டாலிவருக்கு அது மனப்பாடம். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன், திரும்பிப் போக வீடு இல்லை.

அதை அவர் சொன்னபடியே சொல்லி, உன் வாதத்தோடு சேர்த்துக் காட்டு என்றார் ஹாஸ்கெல்.

கியானா பக்கத்தைப் பார்த்தாள். நான் சொன்னதும் அதேதான், என் வார்த்தையில் சொன்னேன் என்றாள்.

“உன் வார்த்தை வேண்டாம்மா. அவர் வார்த்தை.”

கியானாவின் தோள்கள் இறுகுவதை டாலிவர் பார்த்தார். அவள் என்ன நினைக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கடிக்கச் சொல்கிறார்கள். கடிப்பாளா என்று பார்க்கிறார்கள். ஒத்திகைகளில் ஹாஸ்கெலின் இடத்தில் அவர்தான் உட்கார்ந்தார். நூறு கேள்வி கேட்டார். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஃபெலிசியானோ குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார். இது பொறி இல்லை. சாட்சியின் சொற்கள் அப்படியே வர வேண்டும் என்பது விதி. அது வராவிட்டால் தன்னால் தேர்ச்சி போட முடியாது. போடவே முடியாது என்று இன்னொரு முறை சொன்னார். வாசலில் அடுத்த மாணவன் நிற்கிறான் என்றும் சொன்னார்.

“அவரு வரிய நான் எடுக்க மாட்டேன்” என்றாள் கியானா.

“பேரச் சொல்லி எடுத்தா அது திருட்டு இல்ல” என்றார் ஹாஸ்கெல். “எல்லாரும் செய்யறதுதான்.”

கியானா தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

“பேரு எங்க இருக்கு? வாடகைக்காரர்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்.”

ஹாஸ்கெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெயர் இல்லை.

“அவர் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அதில் திமிர் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

“எங்க வட்டத்துல இன்னொருத்தர் வரி வேணும்னா அவங்க அங்க நிக்கணும். நான் அவங்களப் பாப்பேன். நெஞ்சுல கைய வச்சாங்கன்னா எடுத்துக்கோன்னு அர்த்தம். இல்லன்னா இல்ல. இவரு வீடு போச்சு, பேரும் போச்சு. மிச்சம் இருக்கறது இந்த ஒரு வரி. அதையும் நான் எடுத்துக்கவா?”

ஃபெலிசியானோ பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு எழுதாமல் வைத்திருந்தார்.

“கியானா, கடைசியா ஒரு தடவ கேக்கறேன். அப்புறம் நான் எழுதியாகணும்.”

கியானாவின் உதடுகள் அசைந்தன. அந்த வரியை அவள் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று டாலிவருக்குத் தோன்றியது. எட்டே சொற்கள். வாசித்தால் போதும். வாசிப்பு என்று நினைத்துக்கொண்டாலே போதும். இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். வட்டத்தில் செய்வது வேறு, இது வேறு. அந்த வேறுபாட்டை அவர் ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எல்லாம் ஒன்றுதான் என்றே சொல்லிவந்தார். அதைச் சொல்லித்தான் பிள்ளைகளை வகுப்புக்குள் இழுத்தார்.

கியானாவின் வாய் மூடிக்கொண்டது.

ஃபெலிசியானோவின் பேனா தாளைத் தொட்டது.

டாலிவர் வாயைத் திறக்கவில்லை. வலது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களும் பார்க்கும்படி, விரல்களை அகல விரித்து வைத்தார்.

ஹாஸ்கெல் ஃபெலிசியானோவைப் பார்த்தார். ஃபெலிசியானோ டாலிவரைப் பார்க்காமல் ஆவணக் கட்டைச் சரிசெய்யத் தொடங்கினார். சரியாக இருந்த கட்டு.

கியானா அந்தக் கையைப் பார்த்தாள். ரயில் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. இம்முறை ஹாஸ்கெலும் பேசவில்லை. பெட்டிகள் எல்லாம் போய் முடிந்தன. கியானா இன்னும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாலிவர் அதை எடுக்கவில்லை. உள்ளங்கைக்கு அடியில் சட்டை நனைந்துவிட்டது.

“மிஸ்டர்,” என்றாள் மெதுவாக. “எரிஞ்சது உங்க வீடா?”